ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்தால்: காரணமும் சிகிச்சையும்

ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “அடைப்பைச் சரிசெய்துவிட்டீர்களே, இன்னும் எதற்கு இரண்டு மாத்திரைகள்?” நியாயமான கேள்வி. ஸ்டென்டின் உட்புறத்தில் நடப்பதை அறிந்தால் விடை தெளிவாகும்.

ஸ்டென்ட் என்பது மெல்லிய உலோக வலைக்குழாய். குறுகிய இதயத் தமனியை விரித்து, மீண்டும் சுருங்காதவாறு அது தாங்கி நிற்கிறது. ஆனால் இரத்தத்திற்கு உலோகம் ஓர் அந்நியப் பொருள். காயம்பட்ட இடத்தில் இரத்தப்போக்கை நிறுத்தும் தட்டணுக்கள், மூடப்படாத உலோகக் கம்பியின் மீதும் ஒட்டித் திரள முற்படும். நாளடைவில் தமனியின் உட்சவ்வு வளர்ந்து அக்கம்பிகளை மூடிவிடுகிறது. மருந்து பூசப்பட்ட ஸ்டென்டுகளில், உட்புறத் திசு மிகுதியாக வளர்ந்து மீண்டும் அடைப்பதை அம்மருந்து தடுக்கிறது. அதனாலேயே சவ்வு மூடுவதற்கும் கூடுதல் காலம் பிடிக்கிறது. அக்காலத்தில் தட்டணுக்களைக் கட்டுப்படுத்துபவையே அந்த இரண்டு மாத்திரைகள்: ஒன்று ஆஸ்பிரின், மற்றொன்று குளோபிடோக்ரெல், டிகாகிரெலார், பிரசுகிரெல் ஆகியவற்றுள் ஒன்று.

எப்போது நேரும்?

ஸ்டென்டுக்குள் திசு வளர்ந்து மெல்ல மெல்ல அடைப்பது வேறு. இரத்தம் உறைந்து திடீரென்று அடைப்பது வேறு. முன்னது நடக்கும்போது மார்பு இறுக்கமாகப் படிப்படியாக வெளிப்படும். பின்னது பெரும்பாலும் மாரடைப்பாகவே வெளிப்படும். இது அரிதானதே, ஆயினும் உயிருக்கு ஆபத்தானது. முதல் 30 நாட்களில் இதற்கான வாய்ப்பு அதிகம். சில ஆண்டுகள் கழித்தும் நேரலாம். மாத்திரையை இடையில் நிறுத்துவது முதன்மையான காரணங்களுள் ஒன்று. ஸ்டென்ட் முழுமையாக விரியாமலோ தமனிச் சுவருடன் ஒட்டாமலோ இருப்பது, நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு, புகைபிடித்தல் ஆகியனவும் காரணமாகலாம்.

சிகிச்சை எவ்வாறு?

நோயாளி வந்தவுடன் இ.சி.ஜி. எடுக்கிறோம், இரத்தம் மேலும் உறையாதிருக்க மருந்துகள் தருகிறோம். தாமதமின்றி கேத்லேபில் ஆஞ்சியோகிராம் செய்து, உறைகட்டியின் ஊடாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, பலூனை விரித்து இரத்த ஓட்டத்தை மீட்கிறோம். கட்டி பெரிதாக இருந்தால், தேவையைப் பொறுத்து அதை உறிஞ்சி எடுப்பதும் உண்டு.

பாதை திறந்ததோடு பணி முடிவதில்லை. ஏன் அடைத்தது என்பதைக் கண்டறிய வேண்டும். தமனிக்குள்ளேயே செலுத்தப்படும் நுண்ணிய அல்ட்ராசவுண்ட் கருவியோ ஒளிக்கதிர்க் கருவியோ ஸ்டென்டின் நிலையைக் காட்டும். அது சரியாக விரியாதிருந்தால், உயர் அழுத்த பலூனால் விரிக்கிறோம். எல்லோருக்கும் புதிய ஸ்டென்ட் தேவைப்படாது. மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டும் அடைத்திருந்தால், வலுவான வேறு மருந்துக்கு மாற்றுகிறோம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

மாரடைப்புக்காக ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்களுக்கு இரண்டு மாத்திரைகளும் பொதுவாக 12 மாதங்கள் தேவை. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் 6 மாதங்கள். இரத்தக்கசிவு அபாயத்தைப் பொறுத்து இக்காலம் மாறும். அதன்பின் ஒரு மாத்திரை தொடரும். எப்போது நிறுத்துவது என்பதை இதய மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பல் பிடுங்குவதற்குப் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை. வேறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், அதைத் தள்ளிவைக்க முடியுமா என்று இரு மருத்துவர்களும் கலந்து பேசட்டும். மலம் கறுத்துப் போனாலோ இரத்தக்கசிவு நிற்காவிட்டாலோ, நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட்டு வீட்டில் இராமல், உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். ஒருவேளை மறந்துவிட்டால், மறுவேளை இரட்டிப்பாக விழுங்க வேண்டாம். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வையுங்கள். வெளியூர் செல்லும்போது ஸ்டென்ட் விவர அட்டையும் மாத்திரைகளும் கைப்பையில் இருக்கட்டும்.

மார்பில் அழுத்தம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், வாயுத்தொல்லை என்று ஓமத்தண்ணீர் குடித்துக் காத்திருக்க வேண்டாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். விடியட்டும் என்று எண்ணாமல் 108-ஐ அழையுங்கள். ஸ்டென்ட் வைத்திருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசை அழிகிறது. அழிந்த தசையை எங்களால் மீட்டுத் தர இயலாது. விரைந்து வந்தால், எஞ்சியுள்ளதைக் காப்பாற்ற இயலும்.