புதிய ஆய்வாளருக்குப் பல்கலைக்கழகக் கணினிச் சேவைகளை அறிமுகப்படுத்தல் : நன்னூல் பொதுப்பாயிர நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரும் ஆய்வாளர்க்குக் கணினி மையமும் நூலகமும் அறிமுகப் பயிற்சி அளிப்பது வழக்கமாகிவிட்டது. இப்பயிற்சி எல்லாத் துறையினர்க்கும் பொதுவாக அமைவதால், தமிழாய்வுக்கே உரிய எழுத்துரு, குறியேற்றம், ஒப்புமைச் சோதனை ஆகிய சிக்கல்கள் அதில் இடம்பெறாமல் போகின்றன. அதன் விளைவு, ஆய்வேட்டை ஒப்படைக்கும் காலத்தில்தான் வெளிப்படுகிறது. நன்னூலின் பொதுப்பாயிரம் கூறும் கற்பித்தல், கற்றல் நெறிகளை அளவுகோலாகக் கொண்டு, அறிமுகப் பயிற்சி எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கணினிச் சேவை, அறிமுகப் பயிற்சி, ஒருங்குறி, ஒப்புமைச் சோதனை, சோத்கங்கா, பொதுப்பாயிரம்.

முன்னுரை

ஆய்வேடு என்பது முன்னர் அச்சிட்டுக் கட்டடம் செய்த நூலாக மட்டுமே நூலக அடுக்கில் இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு நெறிமுறைகள், ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைப்பதைக் கட்டாயமாக்கின. 2016, 2022ஆம் ஆண்டுகளின் நெறிமுறைகளும் அதனைத் தொடர்ந்து வலியுறுத்தின. காந்திநகரில் இயங்கும் இன்ஃபிளிப்நெட் மையத்தின் ‘சோத்கங்கா’ தளம் அம்மின்படிகளின் பொதுக் களஞ்சியமாக விளங்குகிறது. ஆகவே, கணினியறிவு தட்டச்சரிடம் விட்டுவிடத்தக்க புறப்பணி என்னும் நிலை மாறி, ஆய்வின் அகக்கூறாகிவிட்டது. இந்நிலையில், புதிய ஆய்வாளர்க்கு முதல் சில வாரங்களில் தரப்படும் கணினிச் சேவை அறிமுகம் எத்தன்மையது, எத்தன்மையதாதல் வேண்டும் என்னும் வினா எழுகிறது.

பொதுப்பாயிரமும் அறிமுகப் பயிற்சியும்

பவணந்தி முனிவர் நூலினது இயல்பு, ஆசிரியர் இயல்பு, பாடம் சொல்லும் முறை, மாணாக்கர் இயல்பு, பாடம் கேட்கும் முறை என ஐந்தாகப் பொதுப்பாயிரத்தை வகுத்துள்ளார். எந்த நூலுக்கும் பொதுவாக நிற்பதாலேயே அது பொதுப்பாயிரம் எனப்பட்டது. எனவே, இலக்கணக் கல்விக்கு மட்டுமன்றிப் பிற கல்விக்கும் அதனைப் பொருத்திக் காண்பது முறையே ஆகும்.

அப்பகுப்பில் இக்கட்டுரைக்கு இன்றியமையாத கருத்துகள் இரண்டு. ஒன்று, கற்பிப்பவர் காலமும் இடமும் நோக்கி, கொள்பவரின் கொள்ளும் திறமறிந்து, விரைவும் வெகுளியும் இன்றி உரைக்க வேண்டும் என்பது. மற்றொன்று, கல்வியின் பங்கீடு. ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணாக்கர்க்குக் கால்பங்கே வாய்க்கும்; உடன்கற்பாரோடு பயில்வதால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் கைகூடும் என்பது அவர் கருத்து. ஒரு பிற்பகல் பொழுதில் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் அறிமுக நிகழ்ச்சி, இவ்வளவுகோலின்படி மிகுந்தால் கால்பங்கையே தரவல்லது.

கொள்வோர் இயல்பு

தமிழ்த்துறைக்கு வரும் ஆய்வாளருள் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் உளர். அவர்களுக்குக் கைப்பேசிப் பயன்பாடு நன்கு கைவந்திருக்கும். அடிக்குறிப்பு அமைத்தல், தலைப்புகளுக்கு நடை வகுத்தல், கோப்புகளைப் பெயரிட்டு அடுக்குதல் போன்ற ஆவணப் பயிற்சி குறைவாக இருக்கும். கைப்பேசியில் விரைந்து தட்டச்சிடும் ஒருவர் கணினி விசைப்பலகையில் தடுமாறுவது இயல்பே. இதனை அறியாமை எனக் கொள்ளாமல், பயிற்சி வேறுபாடு எனக் கொள்வதே கொள்வோர் திறமறிந்து உரைத்தலாகும்.

சேவைகளின் வகைப்பாடு

பல்கலைக்கழகக் கணினிச் சேவைகளை அடையாளம், வளம், கருவி, உதவி என நான்காகப் பகுக்கலாம்.

அடையாளம் என்பது நிறுவன மின்னஞ்சலும் அதற்குரிய கடவுச்சொல்லும் ஆகும். பிற சேவைகளுக்கு இதுவே வாயில். எடுரோம் சேவையில் இணைந்த நிறுவனத்தின் உறுப்பினர், தம் நிறுவனக் கணக்கைக் கொண்டே அச்சேவையுள்ள வேறு வளாகத்திலும் கம்பியில்லா இணைப்பைப் பெற முடியும். இந்தியாவில் இதனை எர்நெட் இந்தியா ஒருங்கிணைக்கிறது. இன்ஃபெட் கூட்டமைப்பின் வழி, வளாகத்திற்கு வெளியிலிருந்தும் நூலகத்தின் மின்வளங்களைப் பயன்படுத்தலாம். களப்பணியின்பொருட்டு ஊரூராகச் செல்லும் நாட்டுப்புறவியல் ஆய்வாளர்க்கு இவ்வசதி பெரிதும் துணைபுரியும். ஒரு கடவுச்சொல் இத்துணை வாயில்களையும் திறப்பதால், அதனைப் பிறரிடம் பகிர்தல் கூடாது. கடவுச்சொல்லைக் கேட்டு வரும் மின்னஞ்சல், கணினி மையத்தின் பெயரில் வந்தாலும் ஐயத்திற்குரியதே.

வளம் என்பது இதழ்களும் நூல்களும் தரவுத்தளங்களுமாம். நடுவண் அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்று, 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை, நடுவண், மாநில அரசுகளின் 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு வழங்குவது அதன் இலக்கு. இவற்றுள் பெரும்பாலானவை ஆங்கில இதழ்கள். மொழியியல், மானிடவியல், ஒப்பிலக்கியக் கோட்பாடுகளுக்கு அவை பயன்படும். தமிழ் மூலநூல்களுக்கோ 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தையும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் நாட வேண்டும். பொது அறிமுகத்தில் முதல்வகை வளங்களே விரித்துரைக்கப்படுவதால், இரண்டாம் வகையைத் தமிழ்த்துறையே எடுத்துரைக்கும் கடப்பாடு உடையது.

குறியேற்றம் : தமிழாய்வுக்கே உரிய சிக்கல்

கருவி என்னும் பகுப்பில் மென்பொருள்களும் அச்சுப்பொறியும் மேகச் சேமிப்பும் அடங்கும். எனினும் தமிழாய்வாளர் முதலில் அறிய வேண்டுவது எழுத்தின் குறியேற்றமே. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்பில் உண்மையில் தமிழெழுத்துகள் இல்லை. ‘தமிழ்’ என்னும் சொல் அங்கு ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் பதிவாகியிருக்கும். அவ்வெழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. தாளில் அச்சிடும் வரை இதனால் குறையொன்றும் இல்லை. தேடுபொறியும் ஒப்புமை மென்பொருளும் அக்கோப்பைப் படிக்கும்போது அவற்றுக்குக் கிடைப்பது பொருளற்ற எழுத்துக்கோவையே. ஆய்வேடு களஞ்சியத்தில் இருக்கும். அதனுள் உள்ள ஒரு சொல்லைக்கூட எவரும் தேடிக் காண இயலாது. பின்வரும் ஆய்வாளர் அதனை அறியாமல் அதே பொருளை மீண்டும் ஆராயக்கூடும். முன்னவர் உழைப்பு மறைவதோடு பின்னவர் உழைப்பும் வீணாகும்.

இதனைக் கண்டறிய எளிய வழி உண்டு. கோப்பின் ஒரு பத்தியைத் தெரிவுசெய்து எழுத்துருவை ‘லதா’ போன்ற ஒருங்குறி எழுத்துருவாக மாற்ற வேண்டும். தமிழ் தமிழாகவே நின்றால் அது ஒருங்குறிக் கோப்பு. ஆங்கில எழுத்துகளாகச் சிதைந்தால் பழைய குறியேற்றம். பழைய கோப்புகளைக் குறியேற்ற மாற்றிகளின் வழி ஒருங்குறிக்கு மாற்றலாம். மாற்றியபின், ஏடுபெயர்த்து எழுதியோர் ஒப்புநோக்கியது போல, மூலத்தோடு வரிவரியாக ஒப்பிடுவது இன்றியமையாதது.

ஒருங்குறியிலும் அறிய வேண்டுவன சில உள. தமிழ்நாடு அரசு 2010 சூனில் ஒருங்குறியையும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றமான 16 பிட் முறையையும் தரமாக ஏற்றது. ஒருங்குறியில் உயிர்மெய், மெய்க்குறியும் உயிர்க்குறியுமாகப் பிரிந்து பதிவாகிறது. ‘தமிழ்’ என்பது இலக்கணப்படி மூன்றெழுத்து. கணினியின் எண்ணிக்கையிலோ த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து. யாப்பாய்வில் எழுத்தெண்ணிக்கை எடுப்பவர் இதனை அறியாவிடின் முடிவே பிழையாகும். ‘கொ’ என்னும் எழுத்தின் ஒகரக்குறியை ஒரே குறியாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சீர்மைப்படுத்தாத தேடலுக்கு இரண்டும் வெவ்வேறு. ‘ஔ’ என்பதற்கு மாறாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இடுவதும், எகரத்திற்குப் பதில் தமிழ் எண் ஏழினை இடுவதும் இத்தகைய பிழைகளே. தமிழ் 99 விசைப்பலகையை முதல் பருவத்திலேயே பழகுவது இத்தகைய குழப்பங்களைப் பெரிதும் தவிர்க்கும். அதில் உயிரெழுத்துகள் இடப்புறத்திலும் மெய்யெழுத்துகள் வலப்புறத்திலும் அமைவதால், இலக்கண அறிவே தட்டச்சுக்குத் துணையாகிறது.

ஒப்புமைச் சோதனை

மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு கருத்துத்திருட்டுத் தடுப்பு நெறிமுறைகள், ஒப்புமையின் அளவை நான்கு நிலைகளாகப் பகுக்கின்றன. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரையெனில் ஆறு மாதத்திற்கு மிகாத காலத்திற்குள் திருத்தி ஒப்படைக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரையெனில் ஓராண்டுக்குத் திருத்திய படியை ஒப்படைக்க இயலாது. 60ஐக் கடந்தால் பதிவே நீக்கப்படும். இச்சோதனைக்கான மென்பொருளை நிறுவனங்களுக்கு வழங்கும் ‘சோத்சுத்தி’ திட்டம் 2019இல் தொடங்கியது. 2019இல் அறிமுகமான இரண்டு மதிப்பலகுடைய ஆய்வு, வெளியீட்டு அறம் என்னும் கட்டாயப் பாடமும் மென்பொருள் பயன்பாட்டை உள்ளடக்கியது.

மேற்கோள்குறியும் ஆதாரமும் உடைய பகுதி, துணைநூற்பட்டியல், முன்னுரை, நன்றியுரை முதலியன கணக்கில் சேரா. பொது அறிவுச் செய்தியாயின் தொடர்ச்சியாக 14 சொற்கள் வரையிலான ஒப்புமையும் விலக்கு உடையது. தமிழுக்கு இவ்விதி எவ்வாறு பொருந்துகிறது என்பது சிந்தனைக்குரியது. மென்பொருள் இடைவெளியைக் கொண்டே சொல்லை எண்ணுகிறது. ஓர் அகவற்பாவைச் சீர்பிரித்து அச்சிட்ட பதிப்பிலும் சந்தி பிரித்து அச்சிட்ட பதிப்பிலும் சொல்லெண்ணிக்கை மாறுபடும். நாற்சீரடியாகக் கணக்கிட்டால் 14 என்பது மூன்றரை அடியே. சங்கப் பாடலை ஆய்வோர் எடுத்தாளும் மேற்கோள் இவ்வெல்லையை எளிதில் கடக்கும். ஆகவே, பாடலடிகளை மேற்கோள்குறிக்குள் இட்டு, நூற்பெயரும் பாடலெண்ணும் பதிப்பும் சுட்டும் ஒழுங்கை முதல் இயலிலிருந்தே கடைப்பிடிக்க வேண்டும். அன்றேல், நேர்மையாக உழைத்த ஆய்வாளரும் ஒப்புமை விழுக்காட்டைக் கண்டு அஞ்ச நேரிடும். பழைய குறியேற்றக் கோப்புக்கு வரும் மிகக் குறைந்த விழுக்காடோ தூய்மைக்குச் சான்றாகாது. மென்பொருள் அதனைப் படிக்கவில்லை என்பதையே அது காட்டக்கூடும்.

உரைக்கும் முறையும் கேட்கும் முறையும்

காலம் நோக்கி உரைத்தல் என்னும் நெறிப்படி, அறிமுகத்தை ஒரே நாளில் முடிக்காமல் ஆய்வின் படிநிலைக்கேற்பப் பிரித்தளிப்பது பொருந்தும். சேர்ந்த முதல் வாரத்தில் கணக்கும் பாதுகாப்பும், முதல் பருவத்தில் விசைப்பலகையும் ஒருங்குறியும், தரவு திரட்டும் காலத்தில் மின்வளங்களும் கோப்புப் பாதுகாப்பும், முதல் இயல் எழுதியவுடன் ஒப்புமைச் சோதனையும், நிறைவில் மின்படி ஒப்படைப்பும் என அது அமையலாம். கோப்புப் பாதுகாப்பில் மூன்று படிகள், இருவகைச் சேமிப்பு, ஒன்று வேறிடத்தில் என்னும் நடைமுறை விதி போதுமானது. ஆறாண்டு உழைப்பை ஒற்றை விரலியில் வைத்திருப்பது தீங்குக்கு இடமாகும்.

நான்காவது வகையான உதவி, கேட்பவரின் தெளிவையும் பொறுத்தது. ‘கணினி வேலை செய்யவில்லை’ என்பதைவிட, எந்த மென்பொருளில், எதனைச் செய்தபோது, திரையில் என்ன செய்தி தோன்றியது எனத் தெரிவித்தால் உதவி மையத்தார் விரைந்து தீர்வு காண்பர். மறுபுறம், ஒரே வினாவை மூன்றாம் முறை கேட்பவரிடமும் சினவாமை உதவி மையத்தார்க்குரிய கடன். மீண்டும் கேட்பதால் பிழை நீங்கும் என்பது நன்னூலாரும் உடன்பட்ட கருத்தே. எஞ்சிய முக்கால் பங்குக்கு, மூத்த ஆய்வாளரும் புதியவரும் இணைந்து பயிலும் துறைசார் குழுவும், இரண்டாம் ஆண்டினர் முதலாண்டினர்க்குக் கற்பிக்கும் ஏற்பாடும் வழிவகுக்கும்.

முடிவுரை

புதிய ஆய்வாளர்க்கான கணினிச் சேவை அறிமுகம், பொதுவான பட்டியலாக அமையின் தமிழாய்வின் தேவையை நிறைவு செய்யாது. குறியேற்றமும் பாடல் மேற்கோள் ஒழுங்கும் தமிழ்த்துறையே கற்பிக்க வேண்டிய பகுதிகள். ஒப்படைக்கும் காலத்தில் செய்யும் திருத்தம் பெருஞ்சுமை. தொடக்கத்தில் செய்யும் பயிற்சி சிறுமுயற்சி. கணினி மையம் கருவியை அறியும். தமிழ்த்துறை எழுத்தை அறியும். இரண்டும் ஒரே வகுப்பறையில் இணைந்து கற்பிக்கும்போதே, எழுதப்படும் ஆய்வேடு தேடுவோர் கைக்கு எட்டும் ஆய்வேடாகும் என்பது இவ்வாய்வின்வழிப் பெறப்படுகிறது.