வயர் இருக்கிறது, லைன் இல்லை: எங்கே பார்ப்பது?

நமது தோட்டங்களிலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் பக்கம் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறார்கள். 2020இல் கொரோனாவினால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு, விரிவுரைகள் சூம் வழியாக நடந்த நாளிலிருந்து லாப்டொப்பும் இன்டர்நெட்டும் கொப்பி, பேனை மாதிரி ஆகிவிட்டன. ஆகவே "அம்மா, லைன் வேலை செய்யல, லாப்டொப் பழுதாப் போச்சு, காசு வேணும்" என்று ஒரு போன் வந்தால் லயத்தில் உள்ளவர்களுக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. யாரிடம் கைமாற்று வாங்குவது என்றுதான் முதலில் யோசிக்கிறோம். காசு அனுப்புவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை இம்முறைப் பாடத்தில் பார்ப்போம். பல சமயம் லாப்டொப் நல்லாத்தான் இருக்கும். கோளாறு வயரிலோ, நடுவில் இருக்கும் சின்னப் பெட்டியிலோ இருக்கும்.

அது என்ன பெட்டி? இப்போது வரும் மெல்லிய லாப்டொப் பலவற்றில் இன்டர்நெட் வயர் செருகும் அகலமான துளை கிடையாது. அதனால் 'ஹப்' என்ற பெட்டியை யூஎஸ்பி துளையில் செருகி, அந்தப் பெட்டியில் வயரைப் பொருத்துகிறார்கள். அடெப்டர் என்றும் சொல்வார்கள். இது வெறும் இணைப்புத் துண்டு அல்ல. உள்ளே ஒரு சிப் உண்டு. அது லாப்டொப்பிலிருந்து கரண்ட் எடுத்து வேலை செய்கிறது.

செருகும் இடங்கள் மூன்று: ரவுட்டரில் ஒன்று, ஹப்பில் ஒன்று, லாப்டொப்பில் ஒன்று. சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் ஆட்டி அசைத்தால், லைன் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. நாளைக்கு மறுபடியும் நின்றுபோகும்.

முதலில் வீட்டு லைன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போனில் டேட்டாவை நிறுத்திவிட்டு, அதே ரவுட்டரின் வைபையில் ஏதாவது பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்கவில்லை என்றால் குற்றம் நம்முடையது அல்ல. வீட்டுக்காரரிடம் சொல்லிவிட வேண்டியதுதான். "எங்களுக்கு வேலை செய்யுது தம்பி" என்று அவர் சொன்னால் அடுத்ததுக்குப் போகலாம். லாப்டொப்பின் வைபையையும் நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் எந்த வழியில் லைன் வருகிறது என்று குழம்பிப் போவோம்.

அடுத்தது லைட். வயர் செருகும் துளையின் ஓரத்தில், ரவுட்டரிலும் பெரும்பாலான ஹப்களிலும், சின்ன லைட் இருக்கும். இரண்டு பக்கமும் எரியவில்லை என்றால் வயரைச் சந்தேகப்படலாம். செருகும்போது 'டிக்' என்று பூட்டும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் வயர் மெல்ல மெல்ல வெளியே வரும்; பார்வைக்கு மாட்டியிருப்பது போலவே தெரியும். ரவுட்டரில் வேறொரு லேன் துளையில் மாற்றிச் செருகுங்கள். கதவிடுக்கில் நசுங்கிய இடம், எலி கடித்த இடம் உண்டா என்று வயரைக் கையால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். 1990களில் மின்சாரம் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் யாழ்ப்பாணம். வயர் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த பெரியவர்கள் அயலில் இருப்பார்கள், கேட்க வெட்கப்பட வேண்டாம்.

குடாநாட்டுக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. நுவரெலியாவில் பொருட்களுக்குப் பூஞ்சணம் என்றால் அங்கே உப்புக் காற்று. கடலும் கடனீரேரியும் சூழ்ந்த நிலம் ஆதலால் உலோகத் தகடுகளில் களிம்பு ஏறும். பிளக்கை நாலைந்து தடவை செருகி எடுத்தாலே சில சமயம் சரியாகும். பிளேட்டால் சுரண்ட வேண்டாம், மேல்பூச்சு போய்விடும்.

வயருக்குள் 8 சின்னக் கம்பிகள் இருக்கின்றன. 1000 மெகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நாலு போதும். ஒரு கம்பி அறுந்தால் சில வேளை லைன் நிற்காது, வேகம் மட்டும் 100க்கு இறங்கிவிடும். நம் கணக்கில் அரைப்பேர் கூட இல்லை, பத்தில் ஒரு பங்கு! ஆனால் விரிவுரை கேட்க அதுவே தாராளம். அதற்காகப் புது வயர் வாங்க ஓட வேண்டாம்.

லைட் எரிகிறது, ஆனால் பக்கம் திறக்கவில்லை என்றால்? பிரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை செக்ரோலில் பதிந்தால்தான் நமக்குப் பேர் விழும். அதே மாதிரி ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்கம் கொடுக்க வேண்டும். விண்டோஸ் லாப்டொப்பில் செட்டிங்ஸ் போய், நெட்வேர்க், பிறகு ஈதர்நெட் என்பதைத் திறந்தால் அந்த இலக்கம் தெரியும். அது 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் இலக்கம் கொடுக்கவில்லை, லாப்டொப் தானாக ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். ஹப்பைக் கழற்றி, ரவுட்டரை நிறுத்தி, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். முன்பு யாராவது இலக்கத்தைக் கையால் பதிந்திருந்தால் 'ஓட்டோமேட்டிக்' என்று மாற்றிவிட வேண்டும்.

ஈதர்நெட் என்ற சொல்லே அங்கு இல்லை என்றால் லாப்டொப்புக்கு ஹப் தெரியவில்லை. வேறு யூஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் ஹப்பின் சிப்புக்கு உரிய டிரைவர் இல்லாமல் இருக்கலாம். போன் ஹொட்ஸ்பொட் போட்டு இறக்கிக்கொள்ளலாம். கொஞ்ச நேரம் வேலை செய்து, பிறகு விட்டு விட்டு நிற்கிறதா? ஹப்பில் தொங்கும் ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், திரை வயர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கரண்ட் பற்றாமல் போனாலும் சூடு ஏறினாலும் இப்படி நடக்கும்.

இன்னொன்று: ஒவ்வொரு ஹப்புக்கும் தனி அடையாள இலக்கம் உண்டு. சில நிறுவனங்களில் அந்த இலக்கத்தைப் பதிந்தால்தான் லைன் தருவார்கள். கூட்டாளியின் ஹப்பைக் கடன் வாங்கிச் செருகினால் அங்கு வேலை செய்யாது. அதை வைத்து லாப்டொப் கெட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

இத்தனையையும் சோதனை நாளில் செய்யக் கூடாது. அன்றைக்குப் போன் டேட்டாவில் வேலையை முடித்து அனுப்பிவிட்டு, பிறகு ஆறுதலாக வயரைத் தேடட்டும்.

வீட்டிலிருந்து போனில் பெற்றோர் கேட்க வேண்டியது இரண்டு கேள்விதான்: "லைட் எரியுதா? வேறொருத்தர் லாப்டொப்ல அந்த ஹப் வேலை செய்யுதா?" பதிவுச் சிக்கல் இல்லாத அறை லைனில், இரண்டு லாப்டொப்பிலும் நல்ல வயரோடு வேலை செய்யாவிட்டால் ஹப்தான் போய்விட்டது. அப்போதும் பல துளை உள்ள பெரிய ஹப் தேவையில்லை. வயர் மட்டும் செருகும் அடெப்டர் விலை குறைவு. பில்லையும் வாரன்டியையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் கரண்ட் பிளக்கோடு இந்த வயரையும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். இடி விழுந்து எரிந்த பொருளுக்குப் பொதுவாக வாரன்டி கிடைக்காது.