'பரவாயில்லை' என்றால் எந்தக் கட்டத்தில் குறிப்பாய்?

அன்புள்ள தங்கைக்கு,

திங்கட்கிழமை முதல் திருநெல்வேலிப் பக்கம் உனக்குக் களப்பணி என்று கேள்விப்பட்டேன். போலீஸ் தங்கள் வேலையை நன்றாகச் செய்கிறார்களா என்று வீடு வீடாகப் போய்க் கேட்கப் போகிறாய். குடிநீர், ரேஷன், பள்ளிக்கூடம் என்று முன்பே பல கருத்துக் கணிப்புகளுக்குப் போயிருப்பாய். இது அவற்றைப் போன்றதல்ல. ரேஷன் கடையைப் பற்றி என்ன சொன்னாலும் நாளைக்கு அரிசி நின்றுவிடாது என்று மக்களுக்குத் தெரியும். போலீஸைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்னால் உன் முகத்தைப் பார்ப்பார்கள், பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள், தெருமுனையில் யார் நிற்கிறார்கள் என்றும் பார்ப்பார்கள். இருபத்திரண்டு வருடம் இந்த வேலை பார்த்தவள் என்கிற உரிமையில் எழுதுகிறேன். உன்னோடு இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் நான் செய்த தவறு. தாமிரபரணிக் கரையோரத்தில் ஓர் ஊர். திண்ணையில் ஓர் அம்மா மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். ஈரத்துணியில் பொதிந்த இலையை ஒவ்வொன்றாக எடுத்துக் கத்தரியால் வெட்டிக்கொண்டே பதில் சொன்னார். "உங்க ஏரியா போலீஸ் வேலை உங்களுக்குத் திருப்தியா இருக்காம்மா?" என்று கேட்டேன். நிமிராமலே, "நல்லாத்தான் செய்தாவ" என்றார். 'மிகவும் திருப்தி' என்ற கட்டத்தில் குறித்தேன். கேள்விகள் முடிந்தன. குடிக்கத் தண்ணீர் கேட்டேன். சொம்பைக் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க ஸ்டேஷன்ல இருந்து வரலியே?" என்றார். இல்லை என்றேன். அதன் பிறகு கத்தரி நின்றது.

மகனுடைய பைக் வீட்டு வாசலிலிருந்து திருட்டுப் போயிருக்கிறது. ஸ்டேஷனுக்கு நான்கு முறை நடந்திருக்கிறார். முதல் நாள் வாசலில் பாரா நின்றவர், "ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருக்காரு, நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டார். இரண்டாம் நாள் ரைட்டர் இல்லை. மூன்றாம் நாள் வெள்ளைத்தாள் வாங்கி வரச் சொல்லி, மனுவை எழுதி வாங்கிக்கொண்டார்கள். திருட்டு என்று எழுதவில்லை, 'காணவில்லை' என்று எழுதினார்கள். ரசீது தரவில்லை. இன்சூரன்ஸில் எஃப்.ஐ.ஆர். கேட்கிறார்கள் என்று நான்காம் முறை போனபோது, "வண்டி கிடைச்சா நாங்களே கூப்பிடுவோம், சும்மா சும்மா வராதே" என்று சொல்லியிருக்கிறார்கள். "அதுக்குப் பொறவு நாங்க போவல" என்றார். என் தாளில் 'மிகவும் திருப்தி' என்ற குறி காய்ந்துகொண்டிருந்தது. அதை மாற்றவில்லை. பதில் பதில்தான், திருத்தக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் குறியும் ஏதோ ஒரு சதவீதத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

ஆகவே, கருத்தைக் கடைசியில் கேள். முதலில் நடந்ததைக் கேள். கடந்த ஒரு வருடத்தில் வீட்டில் யாராவது ஸ்டேஷனுக்குப் போனீர்களா, எதற்குப் போனீர்கள், முதலில் யாரைப் பார்த்தீர்கள், உட்காரச் சொன்னார்களா, எழுதி வாங்கினார்களா, ரசீது கொடுத்தார்களா, எத்தனை முறை அலைந்தீர்கள். உன் படிவத்தில் இந்த வரிசை இல்லையென்றால் பயிற்சி முடிவதற்குள் மேற்பார்வையாளரிடம் பேசு. வரிசையை மாற்ற அனுமதிக்காவிட்டாலும் ஓரத்தில் குறிப்பு எழுத யாரும் தடை சொல்லமாட்டார்கள்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போ. பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம். 2024 ஜூலை 1-ல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்த பிறகும் நகல் பெறும் அந்த உரிமை அப்படியே இருக்கிறது. உடனே எஃப்.ஐ.ஆர். போடாத மனுக்களுக்கு நம் ஊரில் சி.எஸ்.ஆர். ரசீது என்று ஒன்று உண்டு. இதெல்லாம் தெரிந்தால்தான், 'காணவில்லை' என்று எழுதிவிட்டார்கள் என ஒருவர் சொல்லும்போது அவருக்குக் கிடைக்காமல் போனது என்ன என்பது உனக்குப் புரியும். தெரியாதவளுக்கு அது வெறும் புலம்பலாகக் கேட்கும்.

அடுத்தது சொற்கள். ஐந்து கட்டங்கள் போட்ட அந்த அளவுகோல் வேறு மொழியில் பிறந்தது. நம் மக்கள் அந்தக் கட்டங்களில் பேசுவதில்லை. அவர்கள் 'பரவாயில்லை' என்பார்கள். காய்ச்சலில் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்து அப்படிச் சொன்னால் தேறிவிட்டார் என்று பொருள். கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னால் குறை சொல்ல மனமில்லை என்று பொருள். காலை மிதித்தவரிடம் சொன்னால், போகட்டும், விட்டுவிடு என்று பொருள். போலீஸைப் பற்றிச் சொல்லும்போது இந்த மூன்றில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். 'ஓரளவு திருப்தி' என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடிவிடாதே. "எதை வெச்சுப் பரவாயில்லைன்னு சொல்றீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திரு. உன் வாயிலிருந்து 'நல்லதா, கெட்டதா' என்று எடுத்துக் கொடுக்காதே. எடுத்துக் கொடுத்தால் அதையே திருப்பிச் சொல்வார்கள்.

'காவல்துறை' என்று நீ கேட்டால் மேடைப் பேச்சுக்குப் பதில் சொல்வதுபோல மரியாதையாக ஒன்று சொல்வார்கள். 'போலீஸ்' என்றால் கண் முன்னால் ஓர் ஆள் வந்து நிற்பார். அந்த ஆள் யார் என்றும் கேட்டுக்கொள். ஆண்களுக்குப் பெரும்பாலும் வண்டியை மறிக்கிறவர். குடும்பச் சண்டையில் அடிபட்ட பெண்ணுக்கு மகளிர் ஸ்டேஷன். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் திறந்ததிலிருந்து அப்படி ஒரு வாசல் இருக்கிறது. அங்கே போய், "பிள்ளைகளுக்காகச் சேர்ந்து வாழப் பாரும்மா" என்று கேட்டுவிட்டுத் திரும்பியவரும் இருக்கிறார், அந்த ஸ்டேஷனால்தான் உயிரோடு இருக்கிறேன் என்பவரும் இருக்கிறார். இருவருமே 'போலீஸ்' என்றுதான் சொல்வார்கள்.

உடையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருமுறை எங்கள் குழுவில் ஒரு தம்பி காக்கி நிறப் பேன்ட்டும் ஒட்ட வெட்டிய தலைமுடியுமாகப் புல்லட்டில் போனான். அவன் போன தெரு முழுக்க ஒரே பதில், 'ரொம்ப நல்லா செய்றாங்க.' பக்கத்துத் தெருவில் நான் எடுத்த தாள்களை அருகில் வைத்துப் பார்த்தபோது இரண்டும் இரண்டு மாவட்டம்போல இருந்தன. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு போகாதே, கையில் எடுத்துக் காட்டு. டீக்கடைக் கூட்டத்தில் வைத்துக் கேட்காதே. தனியாகக் கேட்க வழியில்லாத வீட்டில், தனியாகக் கேட்கவில்லை என்று எழுதிவை.

வேறொரு ஊரில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். ஆடு நான்கு களவு போயிருந்தது. ஆடும் கிடைக்கவில்லை, திருடனும் அகப்படவில்லை. ஆனால் புகாரை வாங்கிய எஸ்.ஐ.யைப் பற்றி அவர் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க பெரியவரே" என்றாராம். எழுதியதை வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டாராம். பத்து நாள் கழித்து அவரே போன் செய்து, இன்னும் துப்புக் கிடைக்கவில்லை என்று சொன்னாராம். "அவர் என்ன செய்வாரு, தேடுனாரு" என்றார் பெரியவர்.

ஆடு போனவர் திருப்தியாக இருந்ததை அன்றைக்கு நான் வியப்பாகத்தான் பார்த்தேன். பிறகுதான் டாம் டைலர் என்கிற அமெரிக்க ஆய்வாளரின் வேலையைப் படித்தேன். 1984-ல் சிகாகோவில் 1,575 பேரிடம் பேசி, போலீஸையும் நீதிமன்றத்தையும் மக்கள் எடைபோடும்போது, தமக்கு என்ன கிடைத்தது என்பதைவிடத் தம்மை எப்படி நடத்தினார்கள், நியாயமாகக் கேட்டார்களா என்பதற்கே கூடுதல் கனம் தருகிறார்கள் என்று காட்டினார். வெஸ்லி ஸ்கோகன் என்ற இன்னொரு அமெரிக்க ஆய்வாளர் 2006-ல் எழுதியது இன்னும் கடுமையானது. போலீஸோடு ஏற்பட்ட ஒரு கெட்ட அனுபவம் மக்கள் கருத்தை எவ்வளவு அசைக்கிறதோ, அதில் நான்கில் ஒரு பங்கிலிருந்து பதினான்கில் ஒரு பங்கு வரைதான் நல்ல அனுபவம் அசைக்கிறது. அந்த எஸ்.ஐ. காட்டிய நாற்காலி எவ்வளவு அரிய காரியம் என்று அப்போது விளங்கியது.

தேதியையும் எழுது, அந்த வாரம் ஊரில் என்ன பேச்சு என்றும் எழுது. அமெரிக்காவில் காலப் நிறுவனம் 1993 முதல் போலீஸ் மீதான நம்பிக்கையைக் கேட்டு வருகிறது. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட 2020-ல் அது 48 சதவீதத்துக்கு இறங்கியது. பாதிக்குக் கீழே போனது அதுதான் முதல் முறை. அதே 2020 ஜூனில்தான் இங்கே சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் சித்திரவதைக்குப் பிறகு அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்களை அடித்த இரவில் ஸ்டேஷனுக்குள் நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் அதே ஸ்டேஷனில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். அடித்ததும் போலீஸ், உண்மையைச் சொன்னதும் போலீஸ். 'போலீஸ் வேலை எப்படி' என்ற ஒற்றைக் கேள்விக்குள் இரண்டையும் எப்படி அடைப்பது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

மக்கள் 'நல்ல வேலை' என்பது எப்போதும் சட்டப்படியான வேலையாக இருக்காது, இதற்கும் தயாராகப் போ. 2019 டிசம்பர் 6-ல் ஐதராபாத் அருகே, பாலியல் வன்கொடுமை, கொலை வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது மக்கள் திரண்டு வந்து காவலர்கள் மேல் பூ தூவினார்கள். அந்த வாரம் நீ அங்கே படிவத்தோடு நின்றிருந்தால் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பாய். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-ல் வெளியான அறிக்கையில், கொல்லும் நோக்கத்தோடே சுட்டார்கள், பத்து போலீஸார் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றது. பூ தூவியவர்களை ஏளனமாகப் பார்க்காதே. அவர்களுடைய கோபத்துக்கும் பயத்துக்கும் நீதிமன்றத்தில் பல வருடம் காத்திருந்த களைப்புக்கும் காரணம் இருக்கிறது. ஆனால் உன் தாளில் அந்தப் பாராட்டு எதற்கான பாராட்டு என்று எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தெருவை மாற்றினால் பதில் மாறும். ஊருக்குள் எடுத்துவிட்டு, வெயில் ஏறிவிட்டது என்று காலனிக்குப் போகாமல் திரும்பிவிடாதே. அப்படித் திரும்பிய கணக்கெடுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். காலனியில் ஒரு பையன் என்னிடம் சொன்னான்: "அவங்க வேலையை நல்லாத்தான் செய்றாங்கக்கா. யாருக்குச் செய்றாங்கன்னு கேளுங்க." அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். அதைக் குறிக்க எந்தக் கட்டமும் இல்லை.

நேரம் கிடைத்தால் காக்கி போட்டவர்களிடமும் பேசு. 2019-ல் காமன் காஸ் அமைப்பும் லோக்நிதியும் சேர்ந்து 21 மாநிலங்களில் சுமார் 12,000 போலீஸாரிடம் கேட்டபோது, சராசரியாக ஒரு நாளுக்கு 14 மணி நேர வேலை என்று தெரிந்தது. தமிழ்நாட்டில் காவலர்களுக்கு வார விடுமுறை தர 2021-ல்தான் அரசாணை வந்தது. தேர்த் திருவிழா பந்தோபஸ்தில் விடிய விடிய நின்றுவிட்டுக் காலையில் பாரா மாறுகிற ஒரு காவலரிடம்தான் அந்த அம்மா முதல் நாள் போய் நின்றிருக்கக் கூடும். அந்த அம்மாவுக்கு நடந்ததை இது நியாயமாக்கிவிடாது. ஆனாலும் ஓர் உடம்பால் எவ்வளவு நேரம் நின்றுகொண்டே மனிதரைப் போலப் பேச முடியும் என்பதும் மக்கள் கருத்தைத் தீர்மானிக்கிற விஷயம்தான்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. யார் சொன்னார்கள் என்பது உன் வாய் வழியாக வெளியே போகக் கூடாது. பெயர், கதவு எண் உள்ள பக்கத்தை அன்றன்றைக்கே தனியாகப் பிரித்து ஒப்படைத்துவிடு. ஸ்டேஷனிலிருந்து யாராவது, "என்னம்மா சொன்னாங்க நம்மளைப் பத்தி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாலும், அறிக்கை வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்று சொல்லி நகர்ந்துவிடு.

முதல் வாரம் முடிந்ததும் பத்துத் தாள்களை எடுத்துக்கொண்டு வா, பெயர் உள்ள பக்கம் இல்லாமல். 'பரவாயில்லை' என்று சொன்னவர்கள் அதற்கு அடுத்து என்ன சொன்னார்கள் என்று ஓரத்தில் நீ எழுதிய வரிகளைத்தான் முதலில் படிப்பேன்.

அன்புடன்,
உன் அக்கா