அமெரிக்கா செல்லும் பெற்றோருக்கு எந்த இன்ஷூரன்ஸ்?

மகளின் பிரசவத்துக்கென்று அமெரிக்கா புறப்படும் பெற்றோர் அநேகமாக ஆறு மாத காலம் தங்கப்போகும் அந்த நாட்டில், விசிட்டர் விசாவில் வந்தவர்களுக்கு மெடிகேர் போன்ற அரசாங்க வைத்திய உதவி கிடையாது. அவசர சிகிச்சைக்கு வந்தவரைப் பணமில்லையென்று திருப்பி அனுப்பக்கூடாதென 1986-ஆம் ஆண்டுச் சட்டமொன்று அங்குள்ள பெரும்பாலான ஆஸ்பத்திரிகளைக் கட்டுப்படுத்துகிறதென்றாலும், ஆஸ்பத்திரி, டாக்டர், ஆம்புலன்ஸ் என்று தனித்தனியே பில் பின்னால் வந்தே தீரும். ஆகையால் இன்ஷூரன்ஸ் அவசியம் என்பதில் சந்தேகமில்லை.

இங்கேயே எடுக்கும் பாலிசியில் பிரீமியம் ரூபாயில் முடிந்துவிடுகிறது. தகராறு மூண்டால் முறையிடுவதற்கு இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் சென்னையிலேயே இருக்கிறார் என்பதும் பெரிய அனுகூலம். ஆனால் அறுபதைத் தாண்டியவர்களுக்கென்று வரும் பாலிசிகள் பலவற்றில், முகப்பில் 50,000 டாலர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், உள்ளே அறை வாடகைக்கு இவ்வளவு, ஐ.சி.யூ.வுக்கு இவ்வளவு, ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று தனித்தனி உச்சவரம்பு விதித்திருக்கும். உண்மையில் நமக்குக் கிடைக்கக்கூடியது அந்த அட்டவணையில் உள்ள தொகையேயன்றி முகப்பிலுள்ளதன்று.

அமெரிக்கக் கம்பெனிகளின் மலிவான பாலிசிகளும் இதே ரகம்தான். மிச்சத்தை மருமகன் கட்ட நேரும். விரிவான பாலிசி எனப்படுவது வேறு. டிடக்டிபிள் என்ற ஆரம்பத் தொகையை நாம் ஏற்றுக்கொண்ட பிறகு, பெரும்பாலும் முதல் 5,000 டாலர் வரை நூற்றுக்கு எண்பதும், அதற்குமேல் பாலிசியின் எல்லை வரை முழுவதுமாகவும் அது கொடுக்கிறது. பிரீமியம் கூடுதல்தான். ஆயினும், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ள முதியவர்கள் மாதக்கணக்கில் தங்குவதாயிருந்தால் இதையே எடுக்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். ஐம்பது வயதில், திடகாத்திரமாக, மூன்று வாரச் சுற்றுலா போகிறவருக்கு இந்தியப் பாலிசி தாராளமாகப் போதும்.

எந்தப் பாலிசியானாலும் முதலில் தேடவேண்டிய பகுதி, ஏற்கெனவே உள்ள நோய்களைப் பற்றியது. இந்தியப் பாலிசிகள் பல, உயிருக்கு ஆபத்தான கட்டத்தில் மாத்திரம் அவற்றுக்கு ஓரளவு உதவுகின்றன; அமெரிக்கப் பாலிசிகளோ, முன்னறிகுறியின்றித் திடீரென முற்றி, 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குச் சென்றால்தான் என்று நிபந்தனையிட்டு, எழுபது அல்லது எண்பது வயதுக்குமேல் அதையும் குறைத்துவிடுவதுண்டு. வழக்கமான மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் பெரும்பாலானவற்றில் இடமில்லையாதலால், வேண்டிய மருந்தைச் சீட்டுடன் கையோடு எடுத்துச் செல்வதே உசிதம்.

புரபோசல் படிவத்தில் நோய் உண்டா என்ற கட்டத்தில், பிரீமியம் ஏறுமென்றும் டெஸ்ட் எடுக்கச் சொல்வார்களென்றும் அஞ்சி, ஏஜெண்டே ‘இல்லை’ என்று நிரப்பிவிடுவதுண்டு. கிளெயிம் வரும்போது பழைய மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் கம்பெனி, அந்த ஒரு சொல்லைக் காட்டியே முழுத் தொகையையும் மறுக்க முடியும். படிவத்தை நீங்களே நிரப்புங்கள். இந்தியக் கம்பெனியாயின் அதன் பெயர் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, பணத்தை ஏஜெண்டின் கையிலன்றிக் கம்பெனியின் கணக்கிலேயே செலுத்தி, பாலிசி வந்ததும் பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.