பாட்டியின் பத்தாவது புள்ளி

சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் இரவு உணவு சீக்கிரமே முடிந்துவிடும். ஏழரை மணிக்குள் தட்டுகளைக் கழுவி, மேசையைத் துடைத்து, ஈரம் காய மின்விசிறியை வேகமாகச் சுழலவிடுவோம். விளையாட்டு அட்டைகள் நனைந்தால் அண்ணனுக்குக் கோபம் வந்துவிடும். தேசிய சேவையில் இருக்கும் அவன் வெள்ளி இரவு முகாமிலிருந்து வருவான். ஞாயிறு இரவு மீண்டும் புறப்பட்டுவிடுவான். ஆகவே, சனிக்கிழமை இரவு பலகை விளையாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அப்பா, அண்ணன், பாட்டி, நான் ஆகிய நால்வரும் விளையாடுவோம். அம்மா விளையாடமாட்டார். ஆனால், எல்லாருடைய அட்டைகளையும் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார். அதுதான் எங்களுக்குப் பெரிய தொல்லை.

நாங்கள் அதிகம் விளையாடுவது ‘கட்டான்’. ஜெர்மனியைச் சேர்ந்த கிளாவ்ஸ் டொய்பர் என்பவர் உருவாக்கி, 1995ஆம் ஆண்டு வெளிவந்த விளையாட்டு அது. 19 அறுகோணத் துண்டுகளைச் சேர்த்து ஒரு தீவை அமைக்கவேண்டும். மரம், செங்கல், கம்பளி, தானியம், தாது ஆகிய ஐந்தும் அத்தீவில் விளையும் வளங்கள். பாலைநிலத்தைத் தவிர ஒவ்வொரு துண்டின்மீதும் ஓர் எண் இருக்கும். இரண்டு பகடைகளை உருட்டி வரும் கூட்டுத்தொகை எதுவோ, அந்த எண்ணுள்ள நிலம் அப்போது விளையும். அங்கே குடியிருப்பு வைத்திருப்பவருக்கு அந்த வளத்தின் அட்டை கிடைக்கும். அட்டைகளைக் கொண்டு சாலை போடலாம். குடியிருப்பை நகரமாக உயர்த்தலாம். மற்றவர்களோடு பண்டமாற்றும் செய்யலாம். முதலில் பத்துப் புள்ளிகளை எட்டுபவர் வெல்வார்.

இரண்டு பகடைகள் விழக்கூடிய விதங்கள் மொத்தம் 36. அவற்றுள் 12 என்னும் கூட்டுத்தொகை ஒரே ஒரு விதத்தில்தான் வரும். 8 ஐந்து விதங்களில் வரும். இந்தக் கணக்கை யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே பாட்டி இரண்டாம் வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். “பன்னிரண்டில் வீடு கட்டுபவன் பட்டினி கிடப்பான்,” என்று அப்பாவின் குடியிருப்பைக் காட்டிச் சிரித்தார். அறுபது வயதுவரை தாத்தாவின் மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர் அல்லவா? பண்டமாற்றில் அவரை மிஞ்ச எங்களால் முடிந்ததில்லை. ஒரு கம்பளியைக் கொடுத்து என்னிடமிருந்து இரண்டு தானியம் வாங்கியிருக்கிறார். நானும் நன்றி சொல்லியிருக்கிறேன்.

சென்ற ஆண்டு பாட்டிக்கு இலேசான பக்கவாதம் வந்தது. மருத்துவமனையிலிருந்து நடந்துதான் வீடு திரும்பினார். பேச்சும் தெளிவாகவே இருந்தது. வலக்கை விரல்களுக்கு மட்டும் பழைய பிடிமானம் இல்லை. அட்டைகள் நழுவி விழும். பகடையை உருட்டினால் அது மேசையைத் தாண்டி நாற்காலிக்கு அடியில் ஓடிவிடும். ஒவ்வொரு முறையும் அண்ணன் குனிந்து தேடுவான். பாட்டி எதுவும் சொல்லாமல் தம் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. அதனால் விட்டுக்கொடுக்கத் தொடங்கினேன். அப்பாவும் அப்படித்தான் செய்தார் என்பது பின்னர்தான் தெரிந்தது.

ஜூன் விடுமுறையின்போது ஒரு நாள், என்னிடமும் பாட்டியிடமும் ஒன்பது புள்ளிகள் இருந்தன. என் முறை வந்தது. கையில் மூன்று தாதும் இரண்டு தானியமும் இருந்தன. ஒரு குடியிருப்பை நகரமாக உயர்த்தி நான் அப்போதே வென்றிருக்கலாம். “கட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை,” என்று சொல்லிப் பகடையைப் பாட்டியிடம் நீட்டினேன். அவர் தம் முறையில் ஒரு குடியிருப்பைக் கட்டிப் பத்தாவது புள்ளியைப் பெற்றார். எல்லாரும் கைதட்டினோம்.

விளையாட்டுப் பொருள்களை எடுத்து வைக்கும்போதுதான் வந்தது வினை. நான் கவிழ்த்து வைத்திருந்த அட்டைகளைப் பாட்டி இடக்கையால் ஒவ்வொன்றாகத் திருப்பினார். தாது, தாது, தாது, தானியம், தானியம்.

“இது ஒரு நகரத்துக்கான சரக்கு இல்லையா?”

“நான் கவனிக்கவில்லை, பாட்டி.”

“முப்பது ஆண்டுகள் கல்லாவில் உட்கார்ந்தவள் நான்,” என்றார். பிறகு எழுந்து தம் அறைக்குப் போய்விட்டார்.

அடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் அவர் மேசைக்கு வரவில்லை. கண் வலிக்கிறது என்றார். தூக்கம் வருகிறது என்றார். நால்வர் ஆடிய ஆட்டத்தை மூவர் ஆடினோம். பாதியிலேயே அலுத்துப்போய் மூடி வைத்தோம். நான் நல்லதைத்தானே செய்தேன் என்று அண்ணனிடம் குறைபட்டுக்கொண்டேன். அவன் உடனே பதில் சொல்லவில்லை.

மூன்றாம் வாரம் மாமா தம் மகளுடன் வந்திருந்தார். அவளுக்கு ஐந்து வயது. அண்ணன் தொலைக்காட்சியில் ‘மாரியோ கார்ட் 8 டீலக்ஸ்’ பந்தயத்தைப் போட்டான். அவள் வண்டிக்கு மட்டும் ஓட்டுநர் உதவியை இயக்கிவிட்டான். அந்த உதவி இருந்தால் வண்டி பாதையைவிட்டு விழாது. ஆனால், சில குறுக்குவழிகளில் போகவும் முடியாது. உதவி இயங்குகிறது என்பதற்கு அடையாளமாக வண்டியின் பின்புறம் ஒரு சிறிய கம்பி முளைத்திருக்கும். திரையைப் பார்க்கும் எல்லாருக்கும் அது தெரியும்.

“அது என்ன கம்பி?” என்று கேட்டுக்கொண்டே பாட்டி அறையிலிருந்து வந்தார். அண்ணன் விளக்கினான். ‘கோ’ என்னும் சீன விளையாட்டைப் பற்றியும் சொன்னான். அதில் வலிமை குறைந்தவர், ஆட்டம் தொடங்குமுன்பே இரண்டு முதல் ஒன்பது கற்கள்வரை பலகையில் வைத்துக்கொள்ளலாமாம். எத்தனை கற்கள் என்பது இருவருக்கும் தெரியும். அதன்பிறகு இருவரும் முழு மூச்சாக ஆடுவார்களாம்.

பாட்டி சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “எனக்கு என்ன வேண்டும் என்று நீ கேட்டாயா?” என்றார்.

“இல்லை, பாட்டி.”

“இப்போது கேள்.”

கேட்டேன். அவர் கேட்டவை இரண்டே இரண்டுதான். பகடை ஓடாமல் இருக்க விளிம்பு உயர்ந்த ஓர் எவர்சில்வர் தட்டு; அட்டைகளைப் பிடித்துக்கொள்ள ஒரு தாங்கி. பழைய ஸ்கிராபிள் பெட்டியில் இருந்த எழுத்துத் தாங்கிகள் இரண்டை எடுத்து அவர்முன் வைத்தேன். புள்ளிகளில் அவர் எதையும் கேட்கவில்லை. நான் எடுத்துக் கொடுத்தது புள்ளிகளை மட்டும்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்றிரவே அவர் தம் பங்குக்குப் பல்லாங்குழிப் பலகையை எடுத்து வந்தார். 14 குழிகள். குழிக்கு ஐந்தாக 70 மஞ்சாடி விதைகள். எங்கள் புளோக்குக்குப் பின்னால் இருக்கும் மரத்தடியில் நானும் அண்ணனும் சிறுவயதில் பொறுக்கியவை. மலாய்க்காரர்கள் அவற்றைச் ‘சாகா’ என்பார்கள். எதிர்வீட்டு மக்சிக், சொங்காக் ஆட்டத்துக்காக அவற்றில் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கிப்போனதும் உண்டு.

மாரியோ கார்ட் பந்தயத்தில் பின்தங்கியவருக்கு நல்ல கருவிகள் கிடைக்கும். பல்லாங்குழியில் நடப்பதோ நேர்மாறு. ஓர் ஆட்டத்தில் தோற்றவர், தம்மிடம் மிஞ்சிய விதைகளால் எத்தனை குழிகளை நிரப்ப முடியுமோ அத்தனையை வைத்துத்தான் அடுத்த ஆட்டத்தை ஆடவேண்டும். முதல் ஆட்டத்தின் முடிவில் எனக்கு நான்கு குழிகள் இருந்தன, இரண்டாவதில் ஒன்று. பாட்டி இடக்கையால்தான் ஆடினார். வெற்றுக் குழியைத் துடைத்து அடுத்த குழியை அள்ளும்போது அவர் முகத்தில் இரக்கமே இல்லை.

“கொஞ்சம் பார்த்து ஆடுங்கள், பாட்டி,” என்றேன்.

“உதவி வேண்டுமா? வெளிப்படையாகக் கேள்,” என்றார். நான் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை மறுபடியும் கட்டான். பாட்டிக்கு ஒன்பது புள்ளிகள், எனக்கு எட்டு. என் பகடையில் ஏழு விழுந்தது. கொள்ளையனைத் தூக்கிப் பாட்டியின் தாது நிலத்தில் வைத்தேன். அவர் என்னை முறைத்தார். அடுத்த முறையில் ஒரு சாலையைப் போட்டேன். மிக நீண்ட சாலைக்கான இரண்டு புள்ளிகள் எனக்கு வந்தன. பத்து!

பாட்டி நம்பவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் சாலைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்து, மறுமுனையிலிருந்து இன்னொரு முறை எண்ணினார்.

“சரியாகத்தான் இருக்கிறது,” என்றார். “பல்லாங்குழியை எடு.”