பழைய டீசல் கார் வாங்கலாமா?

கேள்வி: 2014 மாடல் ஸ்விஃப்ட் டிசையர் டீசல் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: மாதம் ஆயிரம் கிலோமீட்டராவது ஓட்டுவீர்களா? இல்லையென்றால் பெட்ரோலே போதும். இந்தக் காரில் இருக்கும் ஃபியட்டின் 1.3 லிட்டர் இன்ஜின் நல்ல உழைப்பாளிதான்; 2020 ஏப்ரலோடு மாருதி டீசலையே விட்டுவிட்டது என்பது வேறு விஷயம். பார்க்கப் போனதும் முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், உங்களுக்காகவே முன்கூட்டி ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் போங்கள். ஆறிய இன்ஜின் ஒரே சாவியில் பிடிக்க வேண்டும். ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். குபுகுபுவெனப் புகை வந்தால் பேரமே வேண்டாம். மீட்டர் அறுபதாயிரம் காட்ட, கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் ரப்பரை நம்புங்கள். ஆர்.சி. 2029 வரைதான், பிறகு புதுப்பிக்க வேண்டும். லோன் இருந்திருந்தால், வங்கியின் என்.ஓ.சி. கைக்கு வந்த பிறகே அட்வான்ஸ்.