பழைய குளிரூட்டியும் நமது பொறுப்பும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

அறிவியல் மனித குலத்திற்கு அளித்த வசதிகளுள் குளிரூட்டியும் ஒன்று. ஒரு காலத்தில் செல்வர் இல்லங்களிலும் திரையரங்குகளிலும் மட்டுமே காணப்பட்ட ஏ.சி. எந்திரம், இன்று நடுத்தரக் குடும்பங்களிலும் நமது கல்லூரியின் கணிப்பொறி அறையிலும் இடம்பெற்றுவிட்டது. வாங்கும்போது விலை, கம்பெனி, மின்செலவு அனைத்தையும் ஆராய்கிறோம். பழுதான பின்போ, எதையும் ஆராயாமல் எடைக்குப் போட்டுவிடுகிறோம். அது ஏன் தவறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உள்ளே இருப்பது என்ன?

ஏ.சி.யில் உள்ள செம்புக் குழாய், அலுமினியத் தகடு, இரும்பு, பிளாஸ்டிக் ஆகிய அனைத்திற்கும் பழைய இரும்புக் கடையில் விலை உண்டு. விலை கிடைக்காத பொருள் ஒன்றும் உண்டு. அதுவே குழாய்களுக்குள் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் குளிர்விக்கும் வாயு. மெக்கானிக்குகள் இதைக் 'கேஸ்' என்பர். பழைய எந்திரங்களில் பெரும்பாலும் ஆர்-22 என்னும் குளோரோடைபுளூரோமீத்தேன் இருக்கும். பின்னர் வந்தவற்றில் ஆர்-410ஏ, ஆர்-32 ஆகியவை உள்ளன.

வெளியேறினால் விளைவது

வெளியேறும் ஆர்-22 வாயுவில் ஒரு பகுதி அடுக்கு மண்டலத்தை அடைகிறது. அங்கே புற ஊதாக் கதிர்கள் அதிலிருந்து குளோரின் அணுவைப் பிரிக்கின்றன. அவ்வணு ஓசோனிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவைப் பறித்துக் குளோரின் மோனாக்சைடு ஆகிறது. இது மற்றோர் ஆக்சிஜன் அணுவைச் சந்தித்ததும் குளோரின் மீண்டும் விடுபட்டு, அடுத்த ஓசோனைத் தாக்குகிறது. நாம் வகுப்பில் பயிலும் வினையூக்கத்திற்கு இது ஓர் எடுத்துக்காட்டு!

குளோரோபுளூரோகார்பன்களால் ஓசோனுக்கு நேரும் ஆபத்தை மொலினா, ரோலண்ட் ஆகியோர் 1974-இல் எடுத்துரைத்தனர். 1985-இல் அண்டார்டிகாவின் மீது ஓசோன் துளை அறிவிக்கப்பட்டது. 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1992-இல் இந்தியாவும் அதில் இணைந்தது. ஆர்-22 அவற்றைவிட வலிமை குறைந்ததாயினும், இதையும் படிப்படியாகக் கைவிட ஒப்பந்தம் வகை செய்கிறது.

ஆர்-410ஏ, ஆர்-32 ஆகியவற்றில் குளோரின் இல்லை; ஓசோனை இவை அழிப்பதில்லை. எனினும் புவியைச் சூடாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில் 1 கிலோ ஆர்-32 ஏறத்தாழ 675 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஆர்-22 ஏறத்தாழ 1,800 கிலோவுக்கும், ஆர்-410ஏ 2,000 கிலோவுக்கு மேலும் சமம்.

வெட்டுபவரின் நிலை

என் தந்தையார் பழைய இரும்புக் கடையில் கூலி வேலை செய்பவர். ஏ.சி. வந்தால் முதலில் குழாயை வெட்டுவார்கள் என்றும், 'புஸ்' என்ற ஒலியோடு கேஸ் போய்விடும் என்றும் அவர் கூறுவார். செம்புக்கு எடை உண்டு. காற்றோடு போனதற்கு எடை ஏது? வெட்டுபவரைக் குறை கூறுவதில் நியாயமில்லை. ஆபத்தும் அவருக்கே. திரவமாகத் தெறித்தால் தோல் உறைந்து புண்ணாகும். அடைத்த அறையில் மூச்சுத் திணறும். தீச்சுடர் பட்டால் ஹைட்ரஜன் புளூரைடு, பாஸ்ஜீன் போன்ற நச்சு வாயுக்கள் உண்டாகலாம். மின்சாரம் துண்டித்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். செம்புக்காக ஒயரை எரித்தால் பி.வி.சி. உறையிலிருந்து நச்சுப்புகை எழும்.

செய்ய வேண்டியவை

1. கழற்றுவதற்கு முன் கேஸை மீட்க வேண்டும். ஓடும் நிலையிலுள்ள ஸ்பிளிட் ஏ.சி.யில், கம்ப்ரசரை ஓடவிட்டு கேஸை வெளிப்புறப் பெட்டியிலேயே சேர்த்து வால்வுகளை மூடலாம். இதற்குப் 'பம்ப் டவுன்' என்று பெயர். குழாயில் கசிவு இருந்தால் காற்று உள்ளே புகுந்து கம்ப்ரசர் வெடிக்கக்கூடும். எனவே பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும். சேர்த்த கேஸ் பெட்டியிலேயே இருப்பதால், அப்பெட்டியையும் வெட்டக் கூடாது.

2. ஜன்னல் ஏ.சி.க்கும் ஓடாத எந்திரத்திற்கும் மீட்பு எந்திரம் கொண்டு கேஸைச் சிலிண்டரில் பிடிக்க வேண்டும். ஒரு கேஸோடு மற்றொன்றைக் கலக்கக் கூடாது. சிலிண்டரை 80 சதவீதத்திற்கு மேல் நிரப்பவும் கூடாது.

3. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளில் ஏ.சி.யும் அடங்கும். மறுசுழற்சிக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாளியாக்குகின்றன இவ்விதிகள். ஆகவே கம்பெனியிடமோ பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்திடமோ ஒப்படைத்து ரசீது பெறுதல் நன்று.

நண்பர்களே! நமது கல்லூரியிலும் பழுதான பொருள்கள் ஏலம் விடப்படும் நாள் வரும். கேஸ் மீட்கப்பட்ட பின்னரே ஏ.சி. எந்திரம் வாயிலைக் கடக்கலாம் என்னும் நிபந்தனையை ஏல அறிவிப்பில் சேர்க்குமாறு பேராசிரியப் பெருமக்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். அந்த ஒரு வரி, வானத்து ஓசோனையும் காக்கும். குழாயை வெட்டும் தொழிலாளியின் கண்ணையும் கையையும் காக்கும்.